அக்கரை மண்

சுருளிப்பட்டிக்குக் கீழே முல்லையாறு ஓரிடத்தில் நன்றாக வளைந்து திரும்புகிறது. அந்த வளைவில் இக்கரையை ஒட்டி ஒரு மண் திட்டு இருந்தது. ஊரில் அதை மாரீஸ்வரி திட்டு என்றுதான் சொல்வார்கள். கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டால் ஆற்றுப் புறம்போக்கு என்பார். அவர் சொல்வதும் சரிதான், சட்டம் அவர் பக்கம். ஆனால் அந்த மண் வந்து சேர்ந்த ஒவ்வொரு மழைக்காலமும் கரையில் நின்று பார்த்தவள் மாரீஸ்வரி ஒருத்திதான்.

அவள் பிறந்தது அக்கரை, வாழ வந்தது இக்கரை. கல்யாணத்துக்கு வேன் பிடித்தார்கள். வேன் ஊரைச் சுற்றிப் பாலம் ஏறி இறங்கி வருவதற்குள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி நடந்த சித்தப்பாக்கள் முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். புகுந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தால் பிறந்த வீட்டுத் தென்னைகள் தெரியும். அப்படிப்பட்ட பெண்ணுக்குப் பிறந்த வீட்டு ஏக்கம் வராது என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். பெண் கட்டிக்கொடுக்கும்போது சொல்கிற காரணங்களில் இது ஒன்று, அவ்வளவுதான். கண்ணில் படாத வீட்டையாவது மறக்கலாம்.

புருஷன் அய்யாத்துரை நல்ல மனுஷன். சின்ன லாரியில் காய்கறி ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கோட்டயம் வரைக்கும் போய்வருகிறவர். மலையாளத்தில் அவர் கற்றுக்கொண்டு வந்தது 'சாரமில்ல' என்ற ஒரு சொல், பரவாயில்லை என்று அர்த்தம். டயர் வெடித்தாலும் சாரமில்ல, குழம்பில் உப்பு கூடினாலும் சாரமில்ல. வீட்டு வயல் அண்ணன் தம்பிகளுக்குப் பொது. அதில் என்ன விதைப்பது, எப்போது அறுப்பது என்பதெல்லாம் மூத்தார், அய்யாத்துரையின் அண்ணன், முடிவு செய்வார். மாரீஸ்வரிக்கு அங்கே நாற்று நடவும் களை எடுக்கவும் உரிமை உண்டு. வாயைத் திறந்து ஒரு யோசனை சொன்னால் மூத்தார் வெற்றிலையை மென்றுகொண்டே ஆகாயத்தைப் பார்ப்பார்.

அப்பா காலமானபின் பிறந்த வீட்டு நிலம் அண்ணன் வேல்பாண்டிக்குப் போனது. தனக்குப் பங்கு வேண்டாம் என்று உத்தமபாளையம் பத்திர ஆபீசில் மாரீஸ்வரி கையெழுத்துப் போட்டாள். யாரும் அவளை மிரட்டவில்லை. பெண் பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள், அவளும் செய்தாள். வெளியே வந்து எல்லாருமாகப் பஸ் நிலையத்துப் பக்கம் பரோட்டா சாப்பிட்டார்கள். வேல்பாண்டி மட்டும் இலையைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அவர் எப்போதுமே கொஞ்சமாகப் பேசுகிறவர் என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒரு துண்டு மண்ணாவது தன் இஷ்டத்துக்கு விதைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மாரீஸ்வரிக்குள் கிடந்தது. அதை ஆறு தெரிந்துகொண்டது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஆற்றைத் தண்ணீர் என்று நினைக்கிறவர்கள் கரையில் ஒரு ஐப்பசி மாதம் இருந்து பார்க்க வேண்டும். அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் தெளிவாகத்தான் வருகிறது. மழை பிடித்ததும் மேகமலைப் பக்கத்து ஓடைகளெல்லாம் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து இதில் விழும். அப்புறம் ஓடுவது பாதி தண்ணீர், பாதி மண். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துத் தண்ணீர் ஓட்டமாக ஓடுகிறது. ஓடுகிற வேகத்தில் கரையை அறுக்கிறது. உள்பக்கத்துத் தண்ணீர் நிதானமாகச் சுற்றி வருகிறது. நிதானமான தண்ணீருக்குச் சுமக்கத் தெம்பு கிடையாது, கையில் இருப்பதை இறக்கி வைத்துவிடும். முதலில் கூழாங்கல், பிறகு பருமணல், பிறகு பொடிமணல். கடைசியில் வெள்ளம் வடிந்து தேங்கி நிற்கும்போதுதான் வண்டல் படியும். அது காய்ந்தால் அப்பளம் மாதிரி விளிம்பைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மாரீஸ்வரி பாடப் புத்தகத்தில் இதைப் படித்தாளோ இல்லையோ, துணி துவைக்கப் போன இடத்தில் ஒவ்வொரு வருஷமும் காலுக்குக் கீழே இது ஏறிக்கொண்டு வந்ததைப் பார்த்தாள். அவள் நின்றது வளைவின் உள்பக்கம்.

படிகிற மண்ணைப் பிடித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. அண்ணனிடம் போய்ச் சொன்னாள். வேல்பாண்டியின் கிணற்றை ஆழப்படுத்தியபோது வெடிவைத்து எடுத்த கற்கள் கிணற்றைச் சுற்றிக் குவிந்து கிடந்தன. அவர் டிராக்டரில் ஏற்றிப் பாலத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, தண்ணீர் வந்து மோதுகிற திட்டின் தலைமாட்டில், ஆற்றுக்குள் நீளும்படி வரிசையாக அடுக்கிக் கொடுத்தார். அந்தக் கற்களுக்குக் கீழ்ப்புறம் தண்ணீர் மந்தமானது. மந்தமான தண்ணீர் மண்ணைப் போட்டது. மாரீஸ்வரி நாணல் நட்டாள், நாணல் இன்னும் கொஞ்சம் மண்ணைப் பிடித்தது. சில மழைக்காலங்களில் அங்கே வெள்ளரி போட முடிந்தது. பிறகு தண்டுக்கீரை, தட்டைப்பயறு. அப்புறம் வாழையே வைத்தாள். உரம் வாங்கிப் போட்டதில்லை. அந்த மண் அப்படிக் கறுப்பாக, கையில் எடுத்தால் வெண்ணெயாக இருந்தது. என்ன விதைக்க வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. ஒரு வருஷம் வேண்டுமென்றே ஒரு பாத்தி முழுக்கக் கேந்திப் பூ போட்டாள். எதற்கு என்று மூத்தார் கேட்டதற்கு, பார்க்க நன்றாக இருக்கும் என்றாள்.

இந்த வருஷங்களிலெல்லாம் அக்கரையில் கரை சரிந்துகொண்டிருந்தது. வேல்பாண்டியின் தென்னை ஒன்று வேரோடு ஆற்றில் விழுந்தது. அடுத்த மழைக்கு இன்னொன்று. பிறகு ஆற்றோர வரிசையே போயிற்று. வயல் ஓரத்தில் நின்ற கிணறு இப்போது விளிம்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்தக் கிணறு விழுந்தால் பின்னால் இருக்கிற வயல் அத்தனைக்கும் கோடையில் தண்ணீர் இல்லை. மாரீஸ்வரி பரிதாபப்பட்டாள். பாவம் அண்ணன், ஆறு அவரை இப்படிப் போட்டுப் படுத்துகிறதே என்று வெள்ளரிப் பிஞ்சுகளைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். ஒரே ஆறு இந்தப் பக்கம் கொடுப்பதையும் அந்தப் பக்கம் எடுப்பதையும் அவள் சேர்த்து யோசிக்கவில்லை. நமக்குக் கிடைக்கும்போது எங்கிருந்து வருகிறது என்று யாரும்தான் யோசிப்பதில்லை.

புரட்டாசிக் கடைசியில் முத்தாலம்மன் பொங்கல் வந்தது. முளைப்பாரி போடுவதற்கு மாரீஸ்வரி திட்டின் வால் பகுதியிலிருந்து புதிதாகப் படிந்த வண்டலை அள்ளிச் சட்டியில் நிரப்பினாள். எருப்பொடி கலந்து, நவதானியம் தூவி, முளைப்பாரி வீட்டில் வைத்தாள். அந்த வீட்டுக்குள் விரதம் இருக்கிற பெண்கள்தான் போகலாம். வெளிச்சம் படாமல் வைத்து, முறை போட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். முளை ஓங்கி வந்தால் வீட்டுக்கு நல்லது என்பார்கள். ஆகவே ஒவ்வொருத்தியும் தன் சட்டியைப் பார்க்கிற சாக்கில் அடுத்தவள் சட்டியையும் ஒரு கண் பார்த்துவிட்டுத்தான் வருவாள்.

தன் முறைக்கு மாரீஸ்வரி உள்ளே போனபோது அவள் சட்டி மற்றவற்றைவிட ஒரு விரல் உயர்ந்து நின்றது. சந்தோஷமாகக் குனிந்தாள். பயறும் சோளமும் மொச்சையும் வெளிர்மஞ்சளாக நெருக்கியடித்து நின்றன. அவற்றுக்கு மேலே, அவள் தூவாத ஒன்று தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. மெல்லிய தண்டு, ஒடுங்கி நீண்ட இலை. ஒன்றல்ல, நாலைந்து. அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. சணப்பு. சின்ன வயதில் அப்பா வயலில் விதைத்து, இடுப்பளவு வளர்ந்ததும் மடக்கி உழுது, சேற்றில் மிதிக்கச் சொன்ன அதே சணப்பு. மண்ணுக்கு உரமாகட்டும் என்று போடுகிற பயிர். இப்போது இந்தப் பக்கம் யார் போடுகிறார்கள்? எல்லாரும் மூட்டை யூரியாவுக்குப் போய்விட்டார்கள். விடாமல் விதைக்கிறவர் ஒருவர்தான். அவர் வயல் அக்கரையில் இருக்கிறது.

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். தான் வெண்ணெய் வெண்ணெய் என்று பிசைந்து பார்த்த மண் மலையிலிருந்து மட்டும் வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. பிறந்த வீட்டு வயலின் மேல்மண் அது. விதையோடு வந்திருக்கிறது.

அன்றைக்கே திட்டுக்குப் போனாள். காய்ந்த தென்னம்பாளை ஒன்றை எடுத்துக் கற்களுக்கு மேற்புறம் ஆற்றில் போட்டாள். பாளை நேராகத்தான் வந்தது. கல் வரிசையின் நுனியில் இடித்ததும் சடாரென்று திரும்பி, ஆற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய், அண்ணன் கிணற்றுக்கு நேர் கீழே கரையில் மோதி நின்றது. நம்பாமல் இன்னொரு பாளையைப் போட்டாள். அதுவும் அங்கேதான் போனது. வளைவில் கரையைக் கொஞ்சம் அறுத்தாலும், ஆறு தன் பாட்டுக்குப் பெரும்பாலும் நடுவில்தான் போய்க்கொண்டிருந்திருக்கும். தான் மண் பிடிக்கப் போட்ட கல் அதை அண்ணன் வயல் மேல் ஏவிவிட்டிருக்கிறது. நாணல் நட்டதும் வாழை வைத்ததும் ஏவலுக்கு மேல் ஏவல்.

விரதக்காரி யாரிடமும் சண்டை போடக் கூடாது. மாரீஸ்வரி பாலத்தைச் சுற்றி நடந்து அக்கரை போய்ச் சேர்வதற்குள் விரதத்தை மறந்திருந்தாள். வேல்பாண்டி கிணற்றடியில் மோட்டாருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். வயலில் நெல் பால் பிடித்திருந்தது. கரை விளிம்பில் மட்டும் ஒரு கோடு போட்டாற்போல மஞ்சளாகச் சணப்புப் பூத்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள், கேட்க வேறு விஷயம் இருந்ததால் கேட்கவில்லை.

"அண்ணே, திட்டுத் தலைமாட்டுல நாம அடுக்குன கல்லுதேன் தண்ணியத் தள்ளி விடுது. நேரா ஒங் கெணத்துக்குத்தேன் வருது" என்றாள்.

வேல்பாண்டி கையைத் துணியில் துடைத்தார். "தெரியும்த்தா."

"எப்பத் தெரியும்?"

"ரெண்டாந் தென்னை சாயுறப்பவே தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான? நான் ஒரு கிறுக்கி, வெள்ளரிப் பிஞ்சத் தூக்கிக்கிட்டு வந்து போய்க்கிட்டு இருந்தேனே."

"நாந்தான கொண்டாந்து அடுக்குனேன். தங்கச்சிக்குக் குடுத்தத எப்படித்தா திருப்பிக் கேக்குறது?"

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கிணறு போனால் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, போனால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இந்த மனுஷனிடம் பேசி ஆகாது என்று தெரிந்துகொண்டு, அண்ணி கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டாள்.

வீட்டில் அய்யாத்துரையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கல்லை எடுக்கப் போகிறேன் என்றாள். கல்லை எடுத்தால் அடுத்த வெள்ளத்தில் திட்டு போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். சாரமில்ல என்று சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை. லாரிச் சாவியைக் கையில் திருகினார்.

"ஒனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான" என்றார்.

"அண்ணனும்தேன் எனக்குன்னு இருக்காரு" என்றாள் மாரீஸ்வரி.

பொங்கல் முடிந்து முளைப்பாரி கரைக்கும் நாளில் அவள் சட்டி எல்லாவற்றுக்கும் மேலே சணப்போடு ஆடிக்கொண்டு வந்தது. கூட வந்தவர்கள் கேலி செய்தார்கள். அவள் ஆற்றில் இறங்கிக் கரைத்தாள். அந்த வாரம் அணையில் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். முழங்கால் அளவுதான் ஓடியது. மழை பிடிப்பதற்கு முன்னால் கிடைத்த இடைவெளி அது. மறுநாள் காலையில் கடப்பாரையோடு போய் நுனிக் கல்லை நெம்பினாள். அய்யாத்துரை லோடுக்குப் போகாமல் கூட வந்தார். இரண்டு பேரும் நெம்பிப் பார்த்தும் பெரிய கற்கள் அசையவில்லை. வெயில் ஏறும்போது பாலத்துப் பக்கம் டிராக்டர் சத்தம் கேட்டது. வேல்பாண்டி வந்து நின்றார். வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னார். தங்கச்சி திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர் சங்கிலியை எடுத்துக் கல்லில் கட்டினார்.

எடுத்த கற்களை அவர் கிணற்றடிக்கே கொண்டுபோய், கரை அறுந்த இடத்தில், தண்ணீர் மோதுகிற அடிப்பகுதியில் இறக்கினார்கள். அந்தக் கிணற்றிலிருந்து கிளம்பிய கற்கள் அந்தக் கிணற்றுக்கே வந்து சேர்ந்தன. திட்டின் தலையில் நாணலையும் மாரீஸ்வரியே வெட்டினாள். வெட்டும்போது கையைக் கிழித்துக்கொண்டாள். நட்டவள் கை என்று நாணல் பார்க்குமா?

ஐப்பசியில் மழை ஊற்றியது. மலை ஓடைகள் ஒன்றாக இறங்கிய அன்றைக்கு ஆறு செக்கச்செவேலென்று மூங்கில் தூரையும் மரக்கட்டையையும் புரட்டிக்கொண்டு வந்தது. மாரீஸ்வரி குடையோடு மேட்டில் நின்றாள். கல் இல்லாத தலைமாட்டில் தண்ணீர் புகுந்தது. முதலில் வெள்ளரிப் பாத்தி, பிறகு கேந்திப் பாத்தி இருந்த இடம். வாழைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இத்தனை வருஷமாக வந்த மண் மத்தியானத்துக்குள் போய்விட்டது. அவள் அழுதாள். கல்லை எடுத்தது சரிதான் என்று தெரிந்தாலும் அழுகை நிற்கவில்லை. எதிரே அக்கரையில், கிணற்றுக்குப் பக்கத்தில் அண்ணன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. தண்ணீர் இப்போது நடு ஆற்றில் போனது. இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். சாயங்காலம் மழை விட்டபோது கிணறு நின்றுகொண்டிருந்தது.

வெள்ளம் வடிந்து ஆறு தெளிந்த பிறகு அவள் அக்கரைக்குப் போனாள். நெல் அறுப்பு முடிந்திருந்தது. கற்களுக்கு இடையிலெல்லாம் பொடிமண் படிந்து இறுகியிருந்தது. கரை விளிம்பில் ஒரு பிடி மண்கூடச் சரியவில்லை. அந்த விளிம்பில் சணப்பு காய்த்து முற்றி நின்றது. காற்றடித்தபோது நெற்றுகளுக்குள் விதை சலசலத்தது.

"ஏண்ணே, வயலுக்குள்ள ஒரு செடியக் காணோம். ஓரத்துல மட்டும் எதுக்குச் சணப்பு? மடக்கி உழுகவும் இல்ல, முத்த விட்டுட்ட" என்று கேட்டாள்.

வேல்பாண்டி கல்லில் ஒட்டியிருந்த மண்ணைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"அது எனக்கு வெதச்சதில்லத்தா. அந்த ஓரம் எப்படியும் ஆத்துல விழுந்து ஒங்கிட்டத்தேன் வரப்போகுது. வர்ற மண்ணு வெறுமனே வரவேணாம்னு வருசா வருசம் அங்கன வெதச்சு விட்டேன்."

பங்கு வேண்டாம் என்று கையெழுத்துப் போட்ட அன்று அவர் பரோட்டாக் கடையில் தொடாமல் வைத்த இலை அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தது. தான் உரமே போடாமல் விளைந்தது என்று ஊரெல்லாம் பெருமை பேசிய மண்ணுக்கு, அவர் கரையிலேயே உரம் போட்டு அனுப்பியிருக்கிறார். அவள் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வேல்பாண்டி என்ன செய்வது என்று தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டார். தேவையே இல்லாமல் தண்ணீர் வாய்க்காலில் ஓடியது.

கொஞ்ச நேரம் கழித்து மாரீஸ்வரி எழுந்து முகத்தைக் கழுவினாள். முற்றிய சணப்பு நெற்றுகளை முந்தானை நிறையப் பறித்து முடிந்துகொண்டாள். திட்டில் அவளுக்கு வால் பகுதி மட்டும் ஒரு பாத்தி அளவுக்கு மிச்சமிருந்தது. அதில் இந்தத் தரம் வெள்ளரி போடவில்லை. அண்ணன் கரையைப் பார்த்த ஓரமாக, ஆறு முதலில் தொடுகிற இடத்தில், கொண்டுவந்த சணப்பை விதைத்தாள்.